கடன் வாங்காமல் வீட்டை அழகாக்கலாம்: கொலுப்படி சொல்லித் தரும் பாடம்



இந்த மாதப் பாடம் கணக்கு எழுதுவது பற்றியோ வங்கி இணைப்பு பற்றியோ இல்லை. வீட்டை அழகாக வைத்துக்கொள்வது பற்றி. "இதுக்கெல்லாமா பாடம் நடத்துவாங்க?" என்று சிலர் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. கொஞ்ச நாளாக மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பகுதிக் குழுக்களின் தீர்மானப் புத்தகங்களைப் பார்க்கிறோம். உள்கடன் எதற்கு என்று எழுதும் இடத்தில் "வீட்டுச் சாமான்" என்ற வார்த்தை அடிக்கடி வருகிறது. என்ன சாமான் என்று விசாரித்தால் மிக்சியோ கிரைண்டரோ இல்லை. ஷோகேஸ், திரைச்சீலை, சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் பூ. ஆசைப்படுவது தப்பு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நாள் முழுக்க நாலு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்குத் தன் வீடு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். அந்த ஆசைக்குக் குழுப் பணம் தேவையா என்பதுதான் இன்றைய கேள்வி.

ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, உறுப்பினர்களைப் பேச வையுங்கள்.

ஒரு கடன் மனு

பட்டினப்பாக்கம் பக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கும் ஒரு உறுப்பினர் 15,000 ரூபாய் கேட்டு மனு கொடுத்தார். (வாரியம் 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது. நம்ம வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருது.) மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஷோகேஸ் 9,500, திரையும் கம்பியும் 2,500, ஸ்டிக்கர், பூ, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 3,000. கணக்கு சரியாக எழுதித்தான் கொண்டுவந்திருந்தார். அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை.

அந்தக் குழுவில் வட்டி மாதம் 2 சதவீதம், குறையும் நிலுவைக்கு. பத்துத் தவணையில் மாதம் 1,500 அசல் கட்டினால் மொத்த வட்டி 1,650 ரூபாய் ஆகிறது. "அந்த வட்டி நம்ம குழுவுக்குத்தானே வருது, கொடுத்துடலாம்" என்றார் ஒருவர். அதுவும் நியாயம்தான். "ஜூன்ல ஸ்கூல் ஃபீஸுக்கு நாங்க அஞ்சு பேரு கேப்போமே, அப்ப பொட்டியில என்ன இருக்கும்?" என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் நியாயம். சத்தம் கூடிவிட்டது. மனு கொடுத்தவர் கண் கலங்கிவிட்டார். "உங்க வீட்டுக்கு வந்தா உக்கார இடம் இருக்கு. என் வீட்டுக்கு வர்றவங்க எதைப் பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்து மதிப்பெண் போடுவது சரியா என்பதைத் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். எங்களுக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் சனிக்கிழமைக்குள் வழி சொல்ல வேண்டும். எல்லாரும் பேசி ஒரு தீர்மானம் போட்டார்கள்: கடனை ஒரு வாரம் தள்ளி வைப்பது, அதற்குள் பிரதிநிதி இரண்டு பேரும் நாங்களும் அவர் வீட்டுக்குப் போய், இருக்கிற சாமானை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது, அப்புறமும் வேண்டும் என்றால் கடன் கொடுப்பது.

உங்கள் கைக்குத் தெரிந்த வேலை

அந்த வீட்டுக்குள் போகும் முன்னால் மயிலாப்பூருக்கு ஒரு நடை போய் வருவோம். காரணம், அந்த உறுப்பினர் பல வருஷமாக மாட வீதிப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். நவராத்திரி வந்தால் அந்த வீட்டுக் கொலுப்படியைக் கட்டித் தருவது அவர்தான். நம் உறுப்பினர்களில் இப்படிப் படி கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

கொலு எப்படி வைக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இப்போது மடக்கும் இரும்புப் படி கடையில் கிடைக்கிறது. அதற்கு முன்பு பரணில் இருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். மரப் பெஞ்சு, பலகை, மண்ணெண்ணெய் டின், கட்டுக் கட்டாகப் பழைய புத்தகம் எல்லாம் சேர்ந்து படியாகும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி. மேலே வெள்ளை வேட்டி. பின்னால் பழைய பட்டுப்புடவை திரையாகத் தொங்கும். பொம்மை எல்லாம் போன வருஷத்துப் பொம்மைதான். மரப்பாச்சி பாட்டி காலத்தது. மூக்கு உடைந்த செட்டியாருக்குப் பெயின்ட் அடித்து உட்கார வைப்பார்கள். கீழே பிள்ளைகள் பார்க் கட்டுவார்கள். தட்டில் மண் போட்டுக் கடுகோ வெந்தயமோ தூவினால் சில நாளில் புல்வெளி தயார். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும், அதில் பிளாஸ்டிக் வாத்து நீந்தும்.

வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் பொம்மைக் கடை போடும்போது கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைப் பக்கம் விளாச்சேரி என்று பல ஊர்ப் பொம்மையும் அங்கே வரும். எத்தனையோ வீட்டில் அந்த ஒரு செட்டோடு முடித்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் இருக்கிறதை இறக்கி, தூசு தட்டி, இடம் மாற்றி வைப்பது. அப்படியும் வருகிறவர்கள் "இந்த வருஷம் கொலு ரொம்ப ஜோரா இருக்கே" என்கிறார்கள்.

ஏன் ஜோராக இருக்கிறது? மூன்று காரணம் எங்களுக்குத் தோன்றுகிறது. உயரமானது பின்னால், குள்ளமானது முன்னால் இருப்பதால் எதுவும் எதையும் மறைப்பதில்லை. ஒரு ஜாதி பொம்மை ஒரே படியில், தசாவதாரம் ஒரு வரிசை, கல்யாண செட் ஒரு வரிசை என்று சேர்ந்திருக்கிறது. பின்னணி வெள்ளையாக, வெறுமையாக இருப்பதால் சின்னப் பொம்மைகூட எடுத்துக் காட்டுகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் வீடு அலங்காரத்தில் பாதி தெரிந்த மாதிரி. காசு கொடுத்துப் படிக்கிற உள்அலங்கார வகுப்பிலும் இதைத்தான் வேறு பாஷையில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கொலு நம் வழக்கம் இல்லையே என்று சில சகோதரிகள் நினைக்கலாம். சாந்தோம் பக்கத்துச் சகோதரிகள் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது வைக்கோல், பழைய அட்டைப்பெட்டி, பேப்பரை கசக்கிச் செய்த மலை, முளைப்பயிர் என்று இதே வேலையைத்தான் செய்கிறார்கள். கை எல்லாருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கைவேலை அத்தனையும் அடுத்தவர் வீட்டோடு நின்றுவிடுகிறது, நம் வீடு என்று வரும்போது கடைக்கு ஓடுகிறோம் என்பதுதான் எங்கள் வருத்தம்.

பரணில் இருந்தது

அவர் வீட்டுக் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரவில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர் வாங்க நினைத்த ஷோகேஸ் நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம். சாக்பீசால் தரையில் கோடு போட்டுக் காட்டினோம். கடைசிப் பையனின் பாய் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டது. "நான் எங்கம்மா படுப்பேன்?" என்று அவனே கேட்டான். பெரிய சாமான் எதை வாங்குவதற்கு முன்னாலும் இந்தச் சாக்பீஸ் கோட்டைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் இதைச் சொல்லித் தர மாட்டார்.

முதல் வேலை வெளியே எடுப்பது. கூடத்தில் இருந்த எல்லாவற்றையும் வராந்தாவில் கொண்டு வந்து வைத்தோம். அக்கம்பக்கம் "காலி பண்றீங்களா?" என்று விசாரித்தார்கள். ஓடாத டேபிள் ஃபேன், மூடி இல்லாத டப்பாக்கள், யாருக்கும் பத்தாத செருப்பு, மூன்று வருஷத்துக் காலண்டர், கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஒரு மூட்டை. பழைய பேப்பர்க்காரர் வந்து எடை போட்டதில் 340 ரூபாய் கிடைத்தது. இதெல்லாம் போன பிறகே கூடம் ஒரு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. இன்னும் அலங்காரமே ஆரம்பிக்கவில்லை!

பிறகு பரணில் இருந்து இறக்கினோம். தாய் வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடம், ஒரு தவலை, தாம்பாளம், சின்னக் குத்துவிளக்கு. எல்லாம் பச்சை பிடித்துக் கறுத்துக் கிடந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் அவர் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உன் பேராம்மா? இதுல ஏன் எழுத்து தப்பா இருக்கு?" என்று சிரித்தாள். ஆறு பழைய புடவை. மாமியாருடைய பட்டுப்புடவை ஒன்று, மடிப்பில் விட்டுப்போயிருந்தது. டிரங்குப் பெட்டி இரண்டு.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் குடம் பொன்னாக வந்துவிட்டது. அடையாறு பக்கம் பெரிய கடைகளில் இப்படிப்பட்ட பித்தளைச் சாமானை "ஆன்டிக்" என்று பெயர் சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். நாம் பரணில் கரப்பான் பூச்சிக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டு டிரங்கையும் சுவரோரம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, மேலே கெட்டியான போர்வையை மடித்துப் போட்டு, புடவைத் துணியால் மூடினோம். மூன்று பேர் உட்காரும் திண்ணை கிடைத்தது. உள்ளே கோடைத் துணி, குழுப் புத்தகம், ரேஷன் கார்டு பத்திரமாக இருக்கிறது. சோபாவுக்குள் எதை வைப்பீர்கள்?

சமையல் பக்கச் சுவரில் இருந்த இரும்பு அலமாரித் தட்டில் கொலு முறையைக் கடைப்பிடித்தோம். பின்னால் சுவருக்கு வெள்ளை பேப்பர். மேல் தட்டில் குடமும் தவலையும். நடுத் தட்டில் எவர்சில்வர் டம்ளர், கிண்ணம், ஒரே அளவானவை ஒரே வரிசையில். கீழே அன்றாடம் புழங்குவது. நம்ம ஊர் ஒற்றை அறை வீடுகளில் பளபளவென்று பாத்திரம் அடுக்கி வைக்கும் பழக்கம் காலங்காலமாக இருக்கிறது. அதைவிட நல்ல ஷோகேஸை எந்தக் கடையிலும் நாங்கள் பார்த்ததில்லை. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கும் கரடி பொம்மையை வருஷம் முழுக்க யாரும் தொடுவதுகூட இல்லை. பாத்திரம் அப்படியில்லை, தினம் எடுக்கிறோம், கழுவுகிறோம், மறுபடி வைக்கிறோம், அதனால் அது பளிச்சென்றே இருக்கிறது.

வெளிச்சம்

அவர் வீட்டுச் சுவர் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த சுவர். கணவரும் பையனும் சேர்ந்து இரண்டு கை வெள்ளை அடித்தார்கள். சுண்ணாம்பை முதல் நாளே ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் நீலமும் பசையும் சேர்த்தால் வெள்ளை தூக்கலாக இருக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, உதிர்ந்துவிடும். அந்தச் சுவரை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினோம். பகலில் வெளிச்சம் இரண்டு பங்காகத் தெரிகிறது. ஜன்னலில் வாய் வைத்து நின்ற பீரோவை நகர்த்தியதும் காற்று வந்தது. பழைய 40 வாட் குழல்விளக்கை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. போட்டார்கள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கரண்டும் பாதிக்கும் குறைவாகத்தான் இழுக்கும்.

சுவர் ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் ஈரக்கசிவு இருந்தால் ஸ்டிக்கர் அதை மறைக்கும், சரி செய்யாது. உள்ளே பூஞ்சை வளரும். இருமல், இழுப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் இது விளையாட்டு இல்லை. கசிவைத் திறந்து வைத்து, நல்லா போட்டோ எடுத்து, குடியிருப்போர் சங்கம் மூலமாக வாரியத்துக்கு மனு கொடுங்கள். கடலோரக் குடியிருப்பில் உப்புக் காற்று இரும்பைச் சீக்கிரம் அரிக்கும் என்பதால் ஆணி, கம்பி, கொக்கி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள்.

சாமி படம், தாத்தா படம், கல்யாண போட்டோ, பையனின் சர்டிபிகேட் எல்லாம் நாலு சுவரிலும் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே சுவருக்குக் கொண்டு வந்து, அடிப்பக்கம் ஒரே கோட்டில் வரும்படி மாட்டினோம். மற்ற மூன்று சுவரும் வெறுமையாக விட்டோம். வெறும் சுவர் என்றால் ஏழ்மை என்று நமக்கு ஒரு எண்ணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா என்று ஒரு இடம் இருக்கிறது. தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் உண்டு, குயவர் வீடும் உண்டு. பணக்கார வீடானாலும் ஏழை வீடானாலும் அங்கே சாமான் குறைவு, தரை சுத்தம், வெளிச்சம் தாராளம். கூட்டமைப்புச் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம் என்று நாங்கள் சிபாரிசு செய்கிறோம்.

ஒரு புடவையில் இரண்டு திரை

இனி அளவு. டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணப் புடவை ஏறக்குறைய 18 அடி நீளம், 45 அங்குல அகலம். வாசல் ஆறரை அடி உயரம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். புடவையில் 7 அடி, 7 அடியாக இரண்டு துண்டு வெட்டினால் மேலும் கீழும் மடித்துத் தைக்க இடம் விட்டு இரண்டு வாசலுக்குத் திரை ஆகிறது. மிச்சம் 4 அடி. அதில் ஒரு தலையணை உறை தைக்கலாம். இப்படி நீளவாக்கில் தொங்கவிடும்போது இரண்டு கரையும் திரையின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடும். தனியாகப் பார்டர் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். கால் படுகிற கீழ்க்கரை நைந்திருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். வெட்டுவதற்கு முன்னால் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அந்த இடத்தை விட்டு வெட்டலாம்.

எந்தப் புடவை? பருத்தி நல்லது. சுங்குடி, சின்னாளப்பட்டி, கட்டம் போட்டது, எதுவானாலும் ஒரே அறையில் இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். ஆறு புடவை இருக்கிறதே என்று ஆறையும் தொங்கவிட்டால் துணிக்கடை மாதிரி ஆகிவிடும்.

பட்டுப்புடவை விஷயத்தில் அவசரப்பட்டுக் கத்தரி வைக்காதீர்கள். பழைய காஞ்சிப் பட்டில் அசல் ஜரிகை இருந்தால் அதில் வெள்ளி இருக்கிறது. ஓரத்தில் ஒரு இழை ஜரிகையை உருவி, மேல் கம்பியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல். அப்படியானால் அதற்கு விலை உண்டு. தெருவில் கூவி வருகிறவரிடம் எவர்சில்வர் பக்கெட்டுக்கு மாற்றிவிடாமல் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். நம் உறுப்பினர் வீட்டுப் புடவையில் அசல் ஜரிகைதான். "மாமியார் கட்டினது, விக்க மனசு வரல" என்று சொல்லி மறுபடி டிரங்கில் வைத்துவிட்டார். அது அவர் இஷ்டம். விலை தெரிந்து வைத்திருக்கிறார், அது போதும்.

கிழிந்தே போன புடவையும் வீணில்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, அதே புடவைக் கரையில் இருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டு விரிப்பு செய்தார்கள். காந்தா என்று பெயர். இன்று அது பெரிய நகரக் கடைகளில் விலை உயர்ந்த சரக்கு. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி இனப் பெண்கள் இதேபோல் பழைய துணி ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள், அதற்குக் கவுதி என்று பெயர். நம் பாட்டிமார் பிள்ளைக்குப் பழைய புடவையில் மெத்தை தைத்ததும் இதே வேலைதான். இரண்டங்குல அகலத்தில் துணியைக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. நாலைந்து பேர் சேர்ந்து நல்ல நிறச் சேர்க்கையில் செய்தால் கல்லூரிச் சந்தையிலோ பூமாலை வளாகத்திலோ விற்கவும் முடியும். முதலில் உங்கள் வாசலுக்கு ஒன்று பின்னிப் பாருங்கள்.

செலவு எவ்வளவு?

எல்.இ.டி. விளக்கு 250. சுண்ணாம்பு, நீலம், பசை, பிரஷ் 300. திரைக் கம்பி, கொக்கி 120. தையல் கூலி 150. மொத்தம் 820 ரூபாய். பழைய சாமான் விற்ற 340-ஐக் கழித்தால் கையில் இருந்து போனது 480. வாசலில் மகள் போட்ட கோலத்துக்கு ஒரு பிடி அரிசி மாவு. அவள் புள்ளிக் கோலத்தில் கெட்டிக்காரி. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா சமயத்தில் வடக்கு மாட வீதியில் நடக்கிற கோலப் போட்டிக்கு அவளைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், டிரங்குத் திண்ணையில் உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள். பையனுடைய அம்மா பித்தளைக் குடத்தைப் பார்த்து "இது யார் வீட்டுச் சீர்?" என்று விசாரித்தாராம். பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருக்கிறார்கள். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. மகளிடம் கேட்டால், "வந்தா வரட்டும். ஃபேன் காத்து இப்பதான் என் மேல படுது" என்கிறாள். அடுத்த கூட்டத்தில் அவர் தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகளுக்குக் கணினிப் படிப்புக்குக் கட்ட 6,000 கேட்டுப் புது மனு கொடுத்தார். குழு கொடுத்தது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

துணி என்றால் நெருப்பு ஞாபகம் வர வேண்டும். ஒரே அறையில் கேஸ் அடுப்பும் திரையும் இருக்கிற வீடு நம்முடையது. அடுப்புப் பக்கம், சாமி விளக்குக்கு மேலே, கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் எந்தத் துணியும் தொங்கக் கூடாது. நைலான், பாலியஸ்டர் புடவை தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாக இருக்கும். பருத்தி உருகாது, ஆனால் மளமளவென்று எரியும். சமையல் நேரத்தில் திரையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். சீரியல் பல்பை ஒரே பிளக்கில் நாலு ஒயர் சொருகி எரிய விடாதீர்கள்.

உருளியில் பூ மிதக்க விடுவது இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. உருளி வேண்டாம், உங்கள் தாம்பாளமே போதும். நந்தியாவட்டை, செம்பருத்தி என்று மரத்தடியில் உதிர்ந்த பூவே அழகு. ஆனால் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மண்ணில் நட்டுவிட்டால் கவலை இல்லை. பூந்தொட்டியை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் வைக்க வேண்டாம். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக் கரையோர வீடுகளில் என்ன மிஞ்சியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பித்தளையும் எவர்சில்வரும் சேற்றைக் கழுவியதும் பழையபடி வந்துவிட்டன. மரத்தூள் அட்டையில் செய்த ஷோகேஸும் கட்டிலும் ஊறி, உப்பி, பிளந்துபோயின. தவணை முடியாத சாமானைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு மிச்சத் தவணையைக் கட்டியவர்கள் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி பக்கம் இதே கதை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் நனைந்தாலும் கெடாததைக் கீழே வையுங்கள். துணி, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், குழுப் புத்தகம் இவையெல்லாம் மேலே போகட்டும். மழைக்காலம் தொடங்கும்போது டிரங்கையும் இரண்டு செங்கல் உயர்த்தி வையுங்கள்.

போகியன்று பழையதைக் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடலாம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. ரப்பர், பிளாஸ்டிக் எரியும் புகையை முதலில் மூச்சில் இழுப்பது நம் வீட்டுப் பிள்ளைதான். போகியைச் சாமான் பிரிக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை பிரித்ததில் இருந்து இந்தத் தடவை வரை கை படாத சாமான் எது என்று பார்த்து, எடைக்குப் போடுவதைப் போடுங்கள், மற்றவருக்கு உதவுவதைக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் கூடத்தின் நீள அகலத்தை அளந்து, பரணில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வைத்து எழுதலாம். நைந்த பருத்திப் புடவை ஒன்று, கத்தரிக்கோல், ஊசி நூல் கொண்டு வாருங்கள். தையல் தெரிந்த உறுப்பினர்கள் திரை வெட்டுவதையும் கால்மிதி பின்னுவதையும் செய்து காட்டுவார்கள். "வீட்டுச் சாமான்" என்று மனு எழுதி வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வாருங்கள். பரண் பட்டியலையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவே பார்க்கட்டும். சாக்பீஸ் நாங்கள் கொண்டு வருகிறோம்.